நீச்சல்காரி நெஞ்சுக்கு அக்காவின் டிப்ஸ்

பாப்பா, நீந்தி நீந்தி இதயம் பெருத்துவிடும் என்று உன் ஹாஸ்டல் தோழி சொன்னது உண்மைதான். பயப்படச் சொன்னாளே, அதுதான் தப்பு.

வருஷக்கணக்கில் தினமும் நாலைந்து கிலோமீட்டர் நீந்துகிறவளின் இதயத்தில் இடது கீழறை கொஞ்சம் அகலமாகும், சுவர் கொஞ்சம் தடிக்கும், ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளுகிற ரத்தம் கூடும். ஒரே அடியில் கூடுதலாகத் தள்ளிவிடுவதால் அடிக்கடி அடிக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. சும்மா இருக்கும்போது 70 அடிக்கிற நாடி 50-க்கும் கீழே இறங்கிவிடும். மருத்துவத்தில் இதற்கு விளையாட்டு வீரரின் இதயம் என்றே பெயர். ஸ்வீடன் நாட்டு டாக்டர் ஹென்ஷன் 1899-லேயே பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டிப் பார்த்து இதைச் சொல்லிவிட்டார். அன்றைக்கு எக்கோவா, ஸ்கேனா, ஒன்றும் கிடையாது.

நான் டாக்டர் இல்லை. எக்கோ ரூமில் ப்ரோபைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க இந்த ஹைதராபாத்காரர்களின் இதயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள். நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்வது கார்டியாலஜிஸ்ட் வேலை. எதைக் கவனிக்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எப்போது ஓடிப்போய்க் காட்ட வேண்டும் என்பதை உனக்குச் சொல்வது அக்கா வேலை. கச்சிபௌலி பூலில் இந்த சீசன் ஆரம்பிக்கும் முன் இதை ஒரு தடவை பொறுமையாகப் படி. அரைகுறையாகப் படித்துவிட்டு "சரிக்கா" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டாதே.

தண்ணீர் என்ன செய்கிறது

கழுத்து வரை தண்ணீரில் சும்மா நின்றாலே போதும். தண்ணீரின் அழுத்தம் கால், தொடை, வயிறு என்று கீழே தேங்கிக் கிடக்கிற ரத்தத்தை மார்புப் பக்கம் தள்ளிவிடும், ஏறக்குறைய 700 மில்லி. இதயத்தின் அறைகள் நிரம்பி விரியும். மேலறை விரிந்தது தெரிந்ததும் உடம்பு, தண்ணீர் ஜாஸ்தியாகிவிட்டது என்று தானே முடிவுகட்டி, சிறுநீரைப் பெருக்குகிற ஹார்மோனை விடும். பூலில் இறங்கி அரை மணி ஆவதற்குள் பாத்ரூம் போகத் தோன்றுகிறதே, காரணம் இதுதான். வெட்கப்படாமல் ஏறிப் போய்விட்டு வா. குளோரினோடு சிறுநீரும் வியர்வையும் கலந்தால் கண்ணும் தொண்டையும் எரிகிற வாயு வரும். பூலில் பாதிப் பேருக்கு வருகிற இருமலில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

இப்படிப் போகிற நீர் போதாதென்று, தண்ணீருக்குள் வியர்ப்பது கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் நீச்சல்காரர்கள் தாகமே இல்லாமல் வறண்டு போகிறார்கள். லேனின் முனையில் பாட்டில் வை. ஒவ்வொரு செட் முடிந்ததும் நாலு மிடறு. ஏப்ரல், மே மாத ஹைதராபாத்தில் அதில் ஒரு சிட்டிகை உப்பும் எலுமிச்சையும் போட்டுக்கொள்.

இன்னொன்று, நீ படுத்துக்கொண்டு விளையாடுகிறாய். ஓடுகிறவளின் இதயம் காலில் இருக்கிற ரத்தத்தைப் பூமியின் இழுப்பை மீறி மேலே வாங்க வேண்டும், உனக்கு அந்தப் பாடு இல்லை. கனடாவில் உலகத் தரத்து ஓட்டக்காரர்கள் 16 பேரையும் நீச்சல்காரர்கள் 16 பேரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எக்கோ பார்த்து 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டு கூட்டத்துக்கும் இதயம் பெரிதாக இருந்தது. ஆனால் ஓட்டக்காரர்களின் கீழறை சட்டென்று முறுக்கவிழ்ந்து முன்கூட்டியே நிரம்பியது, நாடியும் அவர்களுக்குத்தான் குறைவு. அதற்காக நீச்சல் மட்டம் என்று அர்த்தமில்லை, வேலைக்குத் தகுந்த இதயம், அவ்வளவுதான். அப்படியும் வாரத்தில் இரண்டு நாள் கோச் உன்னை ஓடச் சொன்னால் முகத்தைச் சுளிக்காமல் ஓடு.

நாடியைக் கையால் பிடி

ஜிம் ட்ரெட்மில்லில் வந்த உச்ச நாடியை வைத்துக்கொண்டு பூலில் அதே எண்ணைத் துரத்தாதே. தண்ணீரில் உச்ச நாடி தரையில் இருப்பதைவிட 10 முதல் 15 வரை குறைவாகத்தான் வரும். படுத்த நிலை, தண்ணீரின் குளுமை, நிரம்பிய இதயம் எல்லாம் சேர்ந்து அதைக் குறைத்துவிடுகின்றன. தரையில் உனக்கு 195 என்றால் பூலில் 182 வரும்போதே நீ முழு மூச்சில் இருக்கிறாய் என்று அர்த்தம். இன்னும் வரவில்லையே என்று அடித்துப் பிடித்து நீந்தினால் செட் முடியும்போது வாந்திதான் வரும்.

மணிக்கட்டு வாட்ச்சைப் பூலில் நம்பாதே. அது தோலுக்குள் வெளிச்சத்தை விட்டுக் கணக்குப் போடுகிறது, நடுவில் தண்ணீர் புகுந்தால் வாய்க்கு வந்ததைச் சொல்லும். சுவரைத் தொட்டதும் கழுத்தின் ஒரு பக்கத்தில், ஒரே பக்கத்தில், இரண்டு விரலை மெதுவாக வை. பூல் கடிகாரத்தைப் பார்த்து 10 வினாடி எண்ணி ஆறால் பெருக்கு. இரண்டு பக்கமும் சேர்த்து அமுக்கினால் தலை சுற்றும்.

காலை நாடி வேறு விஷயம். அலாரம் அடித்ததும் எழுந்திருக்காமல், ஃபோனை நோண்டாமல், படுத்தபடியே மணிக்கட்டில் ஒரு நிமிஷம் எண்ணி நோட்டில் எழுது. உன் வழக்கம் 52 என்றால், தொடர்ந்து மூன்று நாலு நாள் 60-க்கு மேலே நின்றால் ஏதோ சரியில்லை. தூக்கம் போதவில்லை, காய்ச்சல் வரப்போகிறது, பயிற்சி அளவுக்கு மீறிவிட்டது, இல்லையென்றால் ரத்தம் குறைந்திருக்கிறது. நம்ம வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஹீமோகுளோபின் தகராறு உண்டு, உனக்குத் தெரியும். மாடி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது என்று எக்கோவுக்கு வருகிற பெண்களில் பலருக்கு இதயம் சுத்தமாக இருக்கும், ரத்தம்தான் எட்டு ஒன்பதில் நிற்கும். வருஷத்துக்கு ஒரு தடவை ஹீமோகுளோபினும், இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டினும் பார்த்துவிடு. சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே, இரும்புச்சத்து உடம்பில் சேராது. பயிற்சி முடிந்து இரானி சாயும் உஸ்மானியா பிஸ்கட்டும் வேண்டுமென்றால் சாப்பாட்டுக்கும் அதற்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடு.

ஒரு ஈ.சி.ஜி., ஒழுங்காகப் பார்த்தது

இனி சொல்வதுதான் முக்கியம். மேலே சொன்னதை எல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே.

நல்ல இதயத்துக்கு நீச்சலைப் போல நல்லது குறைவு. ஆனால் வெளியே ஓர் அறிகுறியும் காட்டாமல் உள்ளே ஒளிந்திருக்கிற சில கோளாறுகள் இருக்கின்றன. அவற்றில் சில வேறெங்கேயும் வராமல் தண்ணீரில்தான் முதல் தடவையாகத் தலைகாட்டும். லாங் கியூ.டி. என்று கேள்விப்பட்டிருப்பாய். ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயத் தசை மின்சார ரீதியாகத் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ள ஒரு நேரம் எடுக்கும். பிறவியிலேயே சிலருக்கு அந்த நேரம் நீண்டிருக்கும். அந்த இடைவெளியில் அட்ரினலின் பாய்ந்தால் தாளம் தப்பி, இதயம் துடிக்காமல் நடுங்க ஆரம்பித்துவிடும். இதன் பல வகைகளில் முதல் வகைக்கும் நீச்சலுக்கும் ஏனோ அப்படி ஓர் ஒட்டு. 2001-ல் இத்தாலியின் பீட்டர் ஷ்வார்ட்ஸ் குழு இந்தக் கோளாறு உள்ள 670 பேரின் விவரங்களைத் தொகுத்தபோது, நீச்சலின்போது வந்த ஆபத்துகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முதல் வகைக்காரர்களுக்கே வந்திருந்தது.

தரையில் மயங்கினால் விழுந்து எழுந்திருப்பாள். தண்ணீரில் மயங்கினால் மூழ்கிவிடுவாள், ஊர் அதற்கு நீச்சல் சரியாகத் தெரியாது என்று பெயர் வைத்துவிடும்.

ஈ.சி.ஜி. தாளை நீயும் பார்க்கக் கற்றுக்கொள். தாள் வினாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும், ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி வினாடி. கூரான அலை தொடங்குகிற இடத்திலிருந்து பின்னால் வருகிற மேட்டு அலை முடிகிற இடம் வரைதான் கியூ.டி. நாடி வேகத்துக்கு ஏற்ப அதைத் திருத்திக் கணக்கிட்ட எண் மேலே அச்சாகியிருக்கும். விளையாட்டுக்காரர்களுக்கான அளவுகோலில் பெண்களுக்கு 480, ஆண்களுக்கு 470 மில்லி வினாடி, அதைத் தொட்டாலே மேற்கொண்டு பார்க்க வேண்டும். ஆனால் மெஷின் அச்சடித்த எண்ணோடு நின்றுவிடாதே. மேட்டு அலை எங்கே முடிகிறது என்பதில் மெஷின் தடுமாறும். உன்னைப் போல மெதுவாக அடிக்கிற நாடியில் அதன் சூத்திரமும் எண்ணைக் குறைத்துக் காட்டும். டாக்டரிடம், "சார், கியூ.டி.யைக் கையால் அளந்து பார்த்தீர்களா?" என்று வாய்விட்டுக் கேள். கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் வேறு டாக்டரைப் பார்ப்போம்.

இதற்கு நேர்மாறான பயமும் உண்டு. தாளின் மூலையில் மெஷின் "அப்நார்மல்" என்று அடித்துவிடும், பிள்ளைகள் அழுதுகொண்டு வரும். நாடி மெதுவாக அடிப்பது, அலைகள் உயரமாக வருவது, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் சிக்னல் ஒரு துளி தாமதமாவது, இவையெல்லாம் பயிற்சி பெற்ற உடம்பில் சகஜம். மெஷினுக்கு நீ நீச்சல்காரி என்று தெரியாது. சீட்டு எழுதும்போதே "ஸ்விம்மர், வாரத்துக்கு இத்தனை மணி நேரம்" என்று எழுதச் சொல்.

எக்கோவில் கீழறைச் சுவர் உங்கள் வயதுப் பெண்களுக்கு 11 மில்லிமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். தாண்டினால் அது பயிற்சியால் தடித்ததா, பரம்பரையாக வந்த தடிப்பு நோயா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வழி, மூன்று மாதம் பயிற்சியை நிறுத்திப் பார்ப்பது. பயிற்சியில் வந்ததாக இருந்தால் சுவர் இளைத்துவிடும். அதைச் சொன்னதும் கோச்சின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்!

இத்தாலியில் 1982-லிருந்து போட்டிக்குப் போகிற ஒவ்வொருவரும் ஈ.சி.ஜி. எடுத்தாக வேண்டும் என்று சட்டம். நம் ஊரில் மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் என்பது பெரும்பாலும் ஒரு கையெழுத்தும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்பும். சிஸ்டம் செய்யாததை நாமாகச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஆச்சியிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

ஈ.சி.ஜி.யைவிட மலிவான பரிசோதனை வீட்டுக் கதை. நார்வே நாட்டு அலெக்சாண்டர் டேல் ஓயன் 2011-ல் ஷாங்காயில் 100 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் உலக சாம்பியன். அடுத்த வருஷம் ஏப்ரல் 30-ம் தேதி அமெரிக்காவில் பயிற்சி முகாமில் குளியலறையில் விழுந்து இறந்துபோனான், வயது 26. கொஞ்ச நாளாகத் தோள் வலி என்று சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தான். பிரேதப் பரிசோதனையில் இதய ரத்தக்குழாய் அடைத்திருந்தது தெரிந்தது. அவன் தாத்தா 42 வயதில் இதய நோயில் போனவர். லண்டன் ஒலிம்பிக்ஸுக்கு மூன்று மாதம்கூட இல்லை.

அதனால் கேட்டுத் தெரிந்துகொள். ஐம்பது வயதுக்குள் திடீரென்று போனவர்கள் நம் குடும்பத்தில் யார் யார்? தூக்கத்திலேயே போனவர்கள்? வலிப்பு என்று சொல்லி மாத்திரை சாப்பிட்டும் நிற்காமல் இருந்தவர்கள்? ஓடும்போதோ, பயந்தபோதோ, கோபப்பட்டபோதோ மயங்கி விழுந்தவர்கள்? அப்புறம் நம்ம பக்கத்துக்கே உரிய ஒரு கேள்வி: நன்றாக நீச்சல் தெரிந்தும் கிணற்றிலோ ஆற்றிலோ போனவர்கள் யார்? சின்னத் தாத்தா கிணற்றில் போனதை முனி அடித்துவிட்டது என்றுதான் வீட்டில் சொல்வார்கள். தாமிரபரணியில் வெள்ளம் போகும்போதே அக்கரைக்கு நீந்துகிறவர் அவர் என்று அதே ஆச்சிதான் சொல்லியிருக்கிறாள். அது என்ன என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் டாக்டர் முன்னால் உட்காரும்போது இது அவசியம் சொல்ல வேண்டிய விஷயம்.

பிறவியிலேயே காது கேட்காத பிள்ளை யாராவது மயங்கி மயங்கி விழுந்ததுண்டா என்றும் கேள். லாங் கியூ.டி.யில் ஒரு வகை காது கேளாமையோடு சேர்ந்தே வரும். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் அந்தக் கோளாறு வந்தால்தான் அது வெளிப்படும். மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டிக்கொள்கிற நம் குடும்பங்களிலும் இங்கே இருக்கிற தெலுங்குக் குடும்பங்களிலும் இது வெறும் புத்தக விஷயம் இல்லை.

பரம்பரை என்றதும் நம் ஊர்க்காரர்கள் செய்த ஒரு வேலை ஞாபகம் வருகிறது. இங்கே ஹப்சிகூடாவில் இருக்கும் சி.சி.எம்.பி. ஆராய்ச்சி நிலையத்தின் குமாரசாமி தங்கராஜும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்த தண்டபாணியும் இன்னும் பலரும் சேர்ந்து 2009 ஜனவரியில் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இதயத் தசையில் இருக்கிற ஒரு புரதத்துக்கான ஜீனில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கிற ஒரு மாற்றம் தெற்காசியர்களில் நூற்றுக்கு நாலு பேரிடம் இருக்கிறது, அவர்களுக்கு இதயத் தசை நோய் வருகிற வாய்ப்பு கூடுதல் என்பதுதான் அதன் சாரம். அது இருந்தாலே ஆபத்து என்று எடுத்துக்கொள்ளாதே. அதே ஜீனில் கூடவே ஒட்டி வருகிற வேறொரு அரிய மாற்றம் சிலருக்கு இருக்கிறது, தடிப்பு நோய்க்கு அதுதான் பெரிய காரணம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. பெரும்பாலோர் ஒரு தொந்தரவும் இல்லாமல் தாத்தா பாட்டி ஆகிறார்கள். வெள்ளைக்காரர்களை அளந்து எழுதிய அளவுகளை அப்படியே நம் பிள்ளைகள்மேல் வைத்துப் பார்ப்பது எப்போதும் சரிவராது என்பதற்காகத்தான் சொல்கிறேன். வீட்டுக் கதையில் சந்தேகம் வந்தால் பஞ்சாகுட்டா நிம்ஸ் மருத்துவமனையில் மரபியல் துறையே இருக்கிறது, கூட்டிக்கொண்டு போகிறேன்.

கோளாறு இருக்கிறது என்று வந்துவிட்டால் நீச்சல் முடிந்தது என்று நினைக்காதே. அமெரிக்காவின் டேனா வால்மருக்கு 15 வயதில் தாறுமாறான துடிப்புக்கு ஆபரேஷன் நடந்தது. அப்புறம் லாங் கியூ.டி. இருப்பதாகவும் சொன்னார்கள். அவள் அம்மா ஷாக் கொடுக்கிற மெஷினைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பூல் கரையிலும் போய் உட்கார்ந்தாள். 2004 ஏதென்ஸில் ரிலே தங்கம், 2012 லண்டனில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் 55.98 வினாடியில் உலக சாதனையோடு தங்கம். எல்லோருக்கும் இப்படி அனுமதி கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். யாருக்கு மாத்திரை, யாருக்குத் தண்ணீரே கூடாது என்பதை அந்தத் துறை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வெயிலும் குளிரும்

போட்டி பூல் தண்ணீர் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. மே மாதம் கூரையில்லாத ஹைதராபாத் பூல் ஒன்றில் சாயங்காலம் காலை விட்டுப் பார், வெந்நீர் அண்டாதான். சூடான தண்ணீரில் உடம்புச் சூடு வெளியேற வழியில்லை. இதயம் தசைக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், சூட்டைத் தணிக்கத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். அமெரிக்க நெடுந்தூர நீச்சல் வீரர் ஃபிரான் கிரிப்பன் 2010 அக்டோபர் 23-ம் தேதி ஃபுஜைராவில் 10 கிலோமீட்டர் கடல் போட்டியில், சூடேறிக் கிடந்த தண்ணீரில் இறந்தார். அவருக்கும் 26 வயதுதான். அதற்கப்புறம்தான் திறந்தவெளி நீச்சலுக்கு 31 டிகிரி உச்ச வரம்பு விதியாயிற்று. கோடையில் மெயின் செட்டை விடியற்காலைக்கு மாற்றச் சொல். மாலையில் டெக்னிக் மட்டும் போதும். நீந்தும்போது உடம்பு சிலிர்த்தாலோ, கை சொன்ன பேச்சு கேட்காவிட்டாலோ உடனே ஏறிவிடு.

டிசம்பர், ஜனவரியில் கதை தலைகீழ். விடியற்காலையில் ஜில்லென்ற தண்ணீரில் தடாலென்று குதித்தால் இரண்டு எதிரெதிர் உத்தரவுகள் ஒரே நேரத்தில் இதயத்துக்குப் போகும். தோலில் பட்ட குளிர், வேகமாக அடி என்று விரட்டும். முகத்தில் பட்ட தண்ணீரும் அடக்கிய மூச்சும், மெதுவாக அடி என்று இழுக்கும். பிரிட்டன் ஆய்வாளர்கள் டிப்டனும் ஷாட்டாக்கும் 2012-ல் எழுதியது இதைப் பற்றித்தான். இந்த இழுபறியில் நல்ல இதயமே தாளம் தப்பக்கூடும். விளிம்பில் உட்கார்ந்து கால், கை, கழுத்து, முகம் என்று நனைத்துக்கொண்டு இறங்கு, முதல் 200 மீட்டர் சும்மா மித.

முடிக்கும்போதும் அப்படித்தான். கடைசி ஸ்பிரிண்ட் அடித்த வேகத்தில் ஏணியில் ஏறாதே. தண்ணீரின் அழுத்தம் விலகியதும் ரத்தம் காலுக்கு இறங்கும், கண் இருட்டிக்கொண்டு வரும். 300 மீட்டர் மெதுவாக நீந்தி, விளிம்பில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழுந்திரு. நேராகக் கொதிக்கிற ஷவருக்குள் போய் நிற்காதே.

மூச்சடக்கும் பந்தயம்

உங்கள் பூலில் பையன்கள் "அண்டர் வாட்டர் எத்தனை லெங்த்" என்று பந்தயம் கட்டுவார்கள். கூடாது, ஒரு நாளும் கூடாது. பத்துப் பதினைந்து தடவை வேகமாக மூச்சு வாங்கிவிட்டு முங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சு வாங்கு என்று மூளைக்கு மணி அடிப்பது அந்த வாயுதான். மணியே அடிக்காமல் ஆக்சிஜன் தீர்ந்து, சத்தமில்லாமல் மயங்கிக் கீழே கிடப்பார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் இதில் போகிறார்கள். கோச் கொடுக்கிற மூச்சு அடக்கும் டிரில்லைக்கூட ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் செய்.

அடுத்த வருஷம் ட்ரையத்லான் என்கிறாய். அமெரிக்கப் போட்டிகளில் 1985 முதல் 2016 வரை மரணங்களும் இதயம் நின்றுபோன சம்பவங்களும் சேர்த்து 135. அதில் 90 நீச்சல் பகுதியில் நடந்தவை. ஆரம்பத்தின் நெரிசலும் பதற்றமும்தான் இதயத்துக்கு நீச்சலைவிடப் பெரிய சோதனை. ஓரமாக நின்று, முதல் கூட்டம் போன பிறகு புறப்படு. கடலில் நீந்தும்போது மூச்சிரைத்து, இருமலில் இளஞ்சிவப்பு நுரை வந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. உடனே கையைத் தூக்கிப் படகைக் கூப்பிடு. இந்த ஊர் கோலி ஷ்யாமளா 2021 மார்ச்சில் இலங்கைக் கரையிலிருந்து தனுஷ்கோடிக்குப் பாக் நீரிணையை 13 மணி நேரத்துக்கு மேல் நீந்திக் கடந்தாரே, அப்போது அவருக்கு நாற்பதுகளின் பின்பாதி. பக்கத்திலேயே படகும் ஆட்களும் இருந்தார்கள். அவ்வளவு பெரிய நீச்சல்காரியே தனியாக இறங்கவில்லை.

காய்ச்சல், மாத்திரை, பவுடர்

காய்ச்சலோடு நீந்தாதே. கிருமி இதயத் தசையிலும் போய் உட்காரலாம். அப்போது கடும் பயிற்சி செய்தால் தாளம் தப்பும். கழுத்துக்குக் கீழே ஏதாவது தொந்தரவு இருந்தால், அதாவது நெஞ்சுச் சளி, உடம்பு வலி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் விடுப்பு. டெங்கு வந்து எழுந்தால் டாக்டர் சொல்கிற வரை பூல் பக்கம் போகாதே.

மெடிக்கல் ஷாப்பில் நீயே சொல்லி வாங்குகிற அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின், வாந்திக்குப் போடுகிற ஒன்டான்செட்ரான், டோம்பெரிடோன் எல்லாம் கியூ.டி.யை இன்னும் நீட்டக்கூடியவை. வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் இறங்கியிருக்கும்போது இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஜிம்மில் விற்கிற ப்ரீ வொர்க்அவுட் பவுடரைத் தொடவே தொடாதே, டப்பாவில் எழுதியிருப்பதும் எழுதாததும் கலந்திருக்கும், ஊக்கமருந்துப் பரிசோதனையிலும் மாட்டுவாய்.

நிறுத்து என்றால் நிறுத்து

நீந்தும்போதோ முடித்த உடனேயோ மயக்கம், நெஞ்சில் அழுத்தம், தாடை அல்லது தோளில் காரணமில்லாத வலி, மீன் துள்ளுவது போல நெஞ்சில் தாறுமாறான படபடப்பு, கூட நீந்துகிறவர்களுக்கு இல்லாத மூச்சிரைப்பு, இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது. காஸ் என்று ஈனோ குடித்துவிட்டு இறங்காதே. அடுத்த நாளும் இறங்காதே, முதலில் எனக்கு ஃபோன் செய்.

உன் லேனில் வேறு யாராவது மூழ்கிக் கிடந்தால் வெளியே இழுத்து, சினிமாவில் காட்டுகிற மாதிரி வயிற்றை அமுக்காதீர்கள், தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள், தண்ணீரில் போனவர்களுக்கு அதுதான் முதல் மருந்து. பிறகு நெஞ்சின் நடுவில் குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் அமுக்க வேண்டும். முப்பது அமுக்கு, இரண்டு மூச்சு. ஒருத்தி அமுக்கும்போதே இன்னொருத்தி 108-ஐக் கூப்பிட வேண்டும். அந்த 108 ஆரம்பித்ததே இந்த ஊரில்தான், 2005 ஆகஸ்ட் 15-ல். ஷாக் மெஷின் இருந்தால் ஒட்டும் முன் மார்பைத் துண்டால் நன்றாகத் துடையுங்கள், ஈரத்தில் பேட் ஒட்டாது. மெஷின் பூலில் இருக்கிறதா, எந்த அலமாரியில், சாவி யாரிடம் என்று நாளைக்கே கோச்சிடம் கேள். இல்லை என்றால், வாங்கச் சொல்லிப் பெற்றோர் எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆச்சி தூங்கி எழுந்ததும் ஃபோன் போட்டு மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டு, பெயர், வயது, எப்படிப் போனார் என்று ஒரு தாளில் எழுது. ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு எங்கள் ஈ.சி.ஜி. ரூமில் கூட்டம் இருக்காது, அந்தத் தாளையும் காலை நாடி நோட்டையும் எடுத்துக்கொண்டு வா. முந்தின நாள் மாலை கடுமையான செட் வேண்டாம். உடம்பில் தேங்காய் எண்ணெயோ லோஷனோ தேய்த்துக்கொண்டு வராதே, எலெக்ட்ரோடு வழுக்கும். டிபன் நான் கொண்டு வருகிறேன்.